சாதாரண லேப்பிலேயே கழுவக்கூடிய கறுப்பு-வெள்ளை பிலிம்: வாங்குவது முதல் நெகட்டிவ் கைக்கு வரும்வரை

பழைய வீட்டை இடிப்பதற்கு முந்தின வாரம் அறை அறையாக நின்று ஒரு ரோல் கறுப்பு-வெள்ளை எடுத்தேன். கலர் பிலிம் கழுவும் ஒரு லேப்பில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் போனபோது கண்ணாடி மாதிரி தெளிவான ஒரு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். முப்பத்தாறு படத்தில் ஒன்றுகூட இல்லை. கேமராதான் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பழுதுபார்க்கக் கொடுத்து, அதற்கும் தனியாகச் செலவழித்தேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை. நான் வாங்கிய பிலிம் வேறு ரசாயனத்தில் போகவேண்டியது, அவ்வளவுதான். வீடும் இப்போது இல்லை, படங்களும் இல்லை.

உங்களுக்கு இப்படி நடக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். முதலில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கறுப்பு-வெள்ளை பிலிம் இரண்டு வகை. ஒன்றில் படம் வெள்ளித் துகளால் ஆனது, அதற்குக் கறுப்பு-வெள்ளைக்கென்று உள்ள தனி ரசாயனம் வேண்டும். இன்னொன்றில் படம் சாயத்தால் ஆனது, அது கலர் நெகட்டிவ் கழுவும் அதே இயந்திரத்தில் அப்படியே போகும். அந்தக் கலர் முறைக்குப் பெயர் சி-41. சாதாரண லேப்பில் கொடுக்கவேண்டும் என்றால் உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை.

1. லேப்பை முதலில் முடிவு செய்யுங்கள், பிலிமை அப்புறம் வாங்குங்கள்

எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறோம். அழகான பெட்டியைப் பார்த்து வாங்கி, எடுத்து முடித்து, அதற்குப் பிறகுதான் எங்கே கழுவுவது என்று தேடுகிறோம். நீங்கள் முதலில் போகப்போகும் லேப்பில் நேரிலோ போனிலோ இதைக் கேளுங்கள்: கலர் நெகட்டிவை இங்கேயே கழுவுகிறீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்களா? 35 மிமீ மட்டுமா, 120 அளவும் எடுப்பீர்களா? (35 மிமீ என்பது சாதாரண கேமராவில் போடும் பிலிம், 120 என்பது பெரிய படம் எடுக்கும் கேமராக்களுக்கான அகலமான பிலிம். பல சின்ன லேப்களின் இயந்திரம் 35 மிமீ மட்டும்தான் எடுக்கும்.) ஸ்கேன் செய்து தருவீர்களா, எத்தனை பிக்சலில்? நெகட்டிவைத் திருப்பித் தருவீர்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாங்கி வேறு ஊருக்கு அனுப்பும் சில இடங்களில் ஸ்கேன் மட்டும் தருவார்கள், நெகட்டிவ் திரும்பி வராது. நெகட்டிவ் தராத இடத்தில் நான் எதையும் கொடுப்பதில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

"கறுப்பு-வெள்ளை கழுவுவீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். பெரும்பாலும் இல்லை என்பார்கள், அது உண்மையும்கூட, ஏனென்றால் அவர்கள் வெள்ளி பிலிமை மனதில் வைத்துப் பதில் சொல்கிறார்கள். "சி-41 கறுப்பு-வெள்ளை பிலிம், கலரோடு சேர்த்துப் போடலாம், எடுப்பீர்களா" என்று கேளுங்கள்.

2. டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

இந்த வேலையில் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆவணம் அந்தச் சின்ன உலோக டப்பாதான். அட்டைப்பெட்டியை நாம் தூக்கிப் போட்டுவிடுவோம், டப்பா கடைசிவரை கூடவே இருக்கும். அதன் மேல் பெயருக்குக் கீழோ பக்கவாட்டிலோ சின்ன எழுத்தில் ஆங்கில சி எழுத்தும் 41 என்ற எண்ணும் இருக்கவேண்டும், சில நேரம் நடுவில் ஒரு கோடு இருக்கும். அதற்கு முன்னால் 'ப்ராசஸ்' என்ற சொல் இருக்கலாம். இது இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள்.

பெயர், நிறம், 400 என்ற எண், கம்பெனி இவற்றில் எதுவுமே உங்களுக்கு உதவாது. ஒரே கம்பெனி இரண்டு வகையும் செய்கிறது, இரண்டும் ஐஎஸ்ஓ 400 (பிலிம் எவ்வளவு வேகமாக ஒளியை உணரும் என்பதற்கான எண்), இரண்டு பெட்டியிலும் கறுப்பு-வெள்ளை என்றுதான் இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான்.

வெள்ளி பிலிம் ஏன் காலியாகிவிடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டால் மறக்காது. சி-41-இல் டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம், வெள்ளியை உருவாக்கும்போதே அதைச் சுற்றிச் சாயமும் உருவாகிறது, பிலிமில் அதற்கான பொருள் முன்கூட்டியே கலந்திருக்கும். அடுத்து வரும் பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிடும், சாயம் மட்டும் நிற்கும். வெள்ளி பிலிமில் சாயத்துக்கான பொருளே கிடையாது. வெள்ளி போனால் படம் போயிற்று, அதைத் திரும்ப வரவழைக்க எந்த வழியும் இல்லை.

3. எந்த பிலிம் வாங்குவது

இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர். ஐஎஸ்ஓ 400, 35 மிமீ-யில் 36 படம், 120 அளவிலும் கிடைக்கும். கடையில் புதிதாகக் கேட்டு வாங்கக்கூடியதாக நான் சொல்லும் பெயர் இது ஒன்றுதான்.

பழைய குறிப்புகளில் இன்னும் இரண்டு பெயர் வரும். கோடக் பிடபிள்யூ400சிஎன் நல்ல பிலிம், ஆனால் 2014-இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஃபுஜி நியோபான் 400சிஎன் என்பதும் இதே வகை, அதுவும் நின்றுபோய்விட்டது. இவை காலாவதியான ரோலாக எங்காவது விற்பனைக்கு வந்தால், எப்படிப் பாதுகாத்தார்கள் என்று தெரியாமல் முக்கியமான நிகழ்ச்சிக்கு நம்பி எடுக்காதீர்கள். பொழுதுபோக்காக எடுப்பதானால் பத்து வருடப் பழசுக்கு ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) என்ற கணக்கில் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள், அது ஒரு தோராயக் கணக்குதான்.

இப்போது பொறிகள். சாதாரண லேப்பில் கொடுக்கவே கூடாதவை இவை: இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், எஃப்பி4 பிளஸ், டெல்டா வரிசை முழுவதும், கோடக் டிரை-எக்ஸ், டி-மேக்ஸ், ஃபுஜி அக்ரோஸ், ஃபோமாபான், கென்ட்மியர். எல்லாமே அருமையான பிலிம்கள், ஆனால் எல்லாமே வெள்ளி. சினிஸ்டில் கம்பெனியின் பெயரைப் பார்த்தும் ஏமாறலாம், ஏனென்றால் அவர்களுடைய கலர் பிலிம் சி-41-இல் போகும், பிடபிள்யூஎக்ஸ்எக்ஸ் என்ற கறுப்பு-வெள்ளை போகாது.

ஒருமுறை எடுத்துவிட்டுக் கொடுக்கும் கேமராவில் இன்னும் கவனம் வேண்டும். இல்ஃபோர்டு இரண்டு வகை விற்றது: ஒன்றின் உள்ளே எக்ஸ்பி2, இன்னொன்றின் உள்ளே எச்பி5. இரண்டிலும் 27 படம், இரண்டிலும் பிளாஷ். கேமராவை அப்படியே லேப்பில் கொடுத்துவிடுவதால் உள்ளே இருக்கும் டப்பாவை நீங்கள் பார்க்கப்போவதே இல்லை. வெளி உறையில் எக்ஸ்பி2 என்றிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். கோடக் டிரை-எக்ஸ் போட்டு வரும் கேமராவும் உண்டு, அதுவும் வெள்ளிதான்.

சினிமா பிலிமை வெட்டிச் சுற்றி விற்பதும் இருக்கிறது. கலர் சினிமா பிலிம் பலவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு இருக்கும், அது சி-41 இயந்திரத்துக்குள் உரிந்து மற்றவர்களுடைய படங்களிலும் ஒட்டும். என்ன பிலிம் என்று தெரியாத, கையால் சுற்றிய டப்பாவை லேப்பில் நீட்டாதீர்கள். நம் ரோல் கெட்டால் நம்மோடு போகும், அடுத்தவர் கல்யாண ரோல் கெட்டால் என்ன பதில் சொல்வது?

எக்ஸ்பி2 கிடைக்கவே இல்லை என்றால் கலர் நெகட்டிவ் பிலிம் ஒன்றை வாங்கி எடுத்து, ஸ்கேனில் நிறத்தை நீக்கிக்கொள்ளுங்கள். கோடக் கோல்டு 200 அல்லது அல்ட்ராமேக்ஸ் 400 போதும். கேமராவுக்குள் இருப்பது கலர் என்பது தெரிந்திருந்தால் கண் நிறத்தையே தேடும், அதனால் எனக்கு இது முழுத் திருப்தி தருவதில்லை. ஆனால் படம் பத்திரமாகக் கைக்கு வரும்.

4. செலவைக் கூட்டிப் பாருங்கள்

பெட்டி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு ரோலின் உண்மையான செலவு என்பது பிலிம், கழுவும் கூலி, ஸ்கேன் கூலி, அனுப்பவேண்டியிருந்தால் போகவர அஞ்சல் செலவு நான்கும் சேர்ந்தது. அந்தத் தொகையை 36-ஆல் வகுத்து ஒரு படத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எக்ஸ்பி2 மலிவான வெள்ளி பிலிம்களைவிடக் கூடுதல் விலைதான். ஆனால் கறுப்பு-வெள்ளையைத் தனியாகக் கையால் கழுவும் லேப்கள் கலரைவிட அதிகமாக வாங்குவது வழக்கம், அஞ்சல் செலவும் சேர்ந்துவிட்டால் மலிவான பிலிமின் லாபம் கரைந்துவிடும். மாதத்துக்கு ஒன்றிரண்டு ரோல் எடுப்பவருக்கு எக்ஸ்பி2 கட்டுப்படியாகும். வாரத்துக்கு மூன்று ரோல் எடுப்பீர்கள் என்றால் வீட்டிலேயே வெள்ளி பிலிம் கழுவக் கற்றுக்கொள்வதுதான் சிக்கனம், அதற்கு இருட்டறைகூட வேண்டாம், ஒரு டாங்க்கும் ஒளிபுகாத பையும் போதும்.

முதல் தடவை ஒரே ஒரு ரோல் வாங்குங்கள். லேப் எப்படிச் செய்கிறது என்று பார்த்த பிறகு ஐந்து பத்து என்று வாங்கலாம்.

5. எடுக்கும்போது

இந்த பிலிமின் பெரிய பலம் வெளிச்சக் கணக்கில் அது பொறுத்துக்கொள்வது. ஒரே ரோலில் ஐஎஸ்ஓ 50 முதல் 800 வரை மாற்றி மாற்றி எடுக்கலாம், கழுவும் முறை மாறாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அதற்காக எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. வெளிச்சம் கூடினால் துகள் குறைந்து வழவழப்பாக வரும், குறைந்தால் நிழல் பகுதி சேறு மாதிரி கலங்கிப் புள்ளி புள்ளியாகிவிடும். வெள்ளி பிலிமில் பழகியவர்களுக்கு இது நேர் எதிராக இருக்கும்.

நான் கேமராவில் ஐஎஸ்ஓ 200 என்று வைத்து எடுக்கிறேன், அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தை 400-இலும் 200-இலும் அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தேன். 200-இல் ஜன்னல் பக்கக் கன்னம் வெளிறவில்லை, நிழல் பக்கக் காதின் மடிப்புவரை தெரிந்தது, தோலில் புள்ளியே இல்லை. 400-இலும் படம் நன்றாகத்தான் வந்தது, காதுக்குப் பின்னால் முடி மட்டும் ஒரே கறுப்பாகிவிட்டது. டப்பாவைப் பார்த்துத் தானாக 400 வைத்துக்கொள்ளும் கேமராவாக இருந்தால் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானில் +1 வையுங்கள். அதுவும் இல்லாத சின்ன கேமரா என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், கவலை வேண்டாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஃபில்டர்கள் மற்ற கறுப்பு-வெள்ளை பிலிமில் வேலை செய்வதுபோலவே இதிலும் செய்யும்.

6. தவறான பிலிமை எடுத்து முடித்துவிட்டீர்களா?

பதற்றப்படாதீர்கள், கழுவாதவரை எதுவும் போய்விடவில்லை. டப்பாவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி "வெள்ளி பிலிம், கலர் இயந்திரத்தில் போடக் கூடாது" என்று எழுதுங்கள். சூடு, ஈரம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, கறுப்பு-வெள்ளை கழுவும் லேப்பைத் தேடி அனுப்புங்கள். சில வாரம் தாமதமானாலும் படம் வரும்.

மறுபக்கம் நடந்தால், அதாவது எக்ஸ்பி2-வை யாராவது கறுப்பு-வெள்ளை ரசாயனத்தில் போட்டுவிட்டால், படம் வரத்தான் செய்யும், துகளும் தோற்றமும் வேறு மாதிரி இருக்கும். புதியவருக்கு நான் எக்ஸ்பி2-வைச் சொல்வதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்: லேப் தவறு செய்தாலும் இந்த பிலிம் உங்களை வெறுங்கையோடு அனுப்பாது.

7. லேப்பில் கொடுக்கும்போது சீட்டில் எழுதவேண்டியவை

வாயால் சொல்வது போதாது. கவுன்டரில் வாங்குபவர் ஒருவர், இயந்திரத்தில் போடுபவர் இன்னொருவர். கொடுக்கும் உறை மேலோ சீட்டிலோ நீங்களே எழுதுங்கள், அல்லது எழுதச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். நான் எழுதுவது இது:

"சி-41 பிலிம். கலரோடு சாதாரணமாகக் கழுவவும். நேரம் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஸ்கேன் கறுப்பு-வெள்ளையாக. நெகட்டிவ் திருப்பி வேண்டும்."

200 என்று வைத்து எடுத்தேன் என்று லேப்பில் சொல்லாதீர்கள். சொன்னால் உதவி செய்வதாக நினைத்து நேரத்தை மாற்றக்கூடும், அதற்குத் தனிக் கூலியும் போடுவார்கள். சி-41-இல் எந்த பிலிமாக இருந்தாலும் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடிதான். அதனால்தான் கலரும் இதுவும் ஒன்றாகப் போக முடிகிறது.

கவுன்டரில் இருப்பவர் "இது கறுப்பு-வெள்ளை, எங்களால் முடியாது" என்று திருப்பிக் கொடுக்கலாம். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. வாக்குவாதம் வேண்டாம், டப்பாவைத் திருப்பி அந்த சி-41 எழுத்தை விரலால் காட்டுங்கள், இயந்திரம் பார்ப்பவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பு-வெள்ளைக்கென்று கூடுதல் கூலி கேட்டாலும் இதையே காட்டுங்கள், கலர் கூலிதான் நியாயம்.

பிரிண்ட் போடுவதானால் ஒரு எச்சரிக்கை. லேப் இதையும் கலர் தாளில்தான் போடும், இயந்திரம் தானாக நிறத்தைத் திருத்தப் பார்க்கும். அதனால் படம் பழுப்பாகவோ பச்சை ஓடியோ இளஞ்சிவப்பாகவோ வரலாம். நெகட்டிவில் தவறு இல்லை. முதலில் ஒரே ஒரு பிரிண்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், சரியாக இருந்தால் மீதியைப் போடட்டும். 36-ஐயும் ஒரே மூச்சில் போடச் சொல்லிவிட்டு முகம் பச்சையாக வந்தபிறகு பேசிப் பயனில்லை. ஸ்கேனில் அந்தச் சாயல் வந்தால் போனிலேயே நிறச்செறிவைப் பூஜ்யம் ஆக்கினால் சரியாகிவிடும்.

ஸ்கேன் அளவு 3000-க்கு 2000 பிக்சலாவது இருக்கட்டும், 10 அங்குல அகலத்துக்குத் தெளிவான பிரிண்ட் போட அது போதும். தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி லேப் ஸ்கேனரில் இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். வெள்ளி பிலிமில் அது வேலை செய்யாது, வெள்ளி அகச்சிவப்பை மறித்துவிடும். இது சாயம் என்பதால் செய்யும். தூசி துடைக்கும் வேலை எவ்வளவு மிச்சமாகிறது என்பது ஒருமுறை உட்கார்ந்து துடைத்தவருக்குத்தான் தெரியும்.

8. எவ்வளவு நாள் ஆகும்

இயந்திரம் லேப்பிலேயே இருந்து ஆளும் இருந்தால் அன்றைக்கே கிடைக்கும், ஒரு மணி நேரத்தில்கூட. ஆனால் பிலிம் வரத்து குறைந்துவிட்டதால் சில லேப்கள் ரோல் சேரும்வரை காத்திருந்து வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் இயந்திரத்தை ஓட்டுகின்றன. அந்த நாள் எது என்று கேட்டு அதற்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுங்கள். இயந்திரம் அடிக்கடி ஓடும் லேப்பில் ரசாயனமும் சீராக இருக்கும், அதனால் கொஞ்சம் தூரமானாலும் கூட்டம் உள்ள லேப்புக்கே போவேன். வெளியே அனுப்பும் இடம் என்றால் வாரக்கணக்கில் ஆகலாம், தேதி போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள், ரசீதில் ரோல் எண்ணிக்கையும் இருக்கட்டும்.

எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் பைக்குள் வைத்திருக்காதீர்கள், குறிப்பாக வெயிலில் நிற்கும் வண்டிக்குள்.

9. வாங்கும்போது அங்கேயே பாருங்கள்

உறையை வீட்டுக்குப் போய்ப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கவுன்டரிலேயே நெகட்டிவை ஓரத்தில் மட்டும் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். முதலில் படத்தைப் பார்க்காதீர்கள், ஓட்டைகளின் அருகே இருக்கும் எழுத்தையும் எண்களையும் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே பிலிமில் பதித்தவை, கழுவும்போது படத்தோடு சேர்ந்துதான் வெளிவரும். எண்கள் தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லை என்றால் கழுவியது சரி, பிலிம் கேமராவில் நகரவில்லை அல்லது ஷட்டர் திறக்கவில்லை. எண்களும் இல்லாமல் மொத்தமும் தெளிவாக இருந்தால் ரசாயனத்தில்தான் தவறு. அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால் கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கவே மாட்டேன்.

எக்ஸ்பி2 நெகட்டிவ் கலர் நெகட்டிவ் மாதிரி ஆரஞ்சாக இருக்காது, கொஞ்சம் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். துண்டுகளை எண்ணுங்கள், ஆறு படத்துக்கு ஒன்றாக வெட்டியிருந்தால் ஆறு துண்டு. ஸ்கேன் கோப்பு வேறு ஒரு ரோலுடையதாக இல்லையா என்று ஒன்றைத் திறந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நெகட்டிவ் உறையில் போட்டு, தேதியும் எடுத்த இடமும் எழுதி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். சாயத்தால் ஆன படம் வெள்ளியைப்போல அவ்வளவு காலம் தாங்காது, அதனால் ஸ்கேன் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள். டப்பாவையும் லேப்பில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கடையில் போய் நின்று, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று எடுத்துக் காட்டலாம்.